நன்றி கூலியாகாது

"எதிர்பார்த்ததற்கும் மேலாகச் செய்து கொடுத்தார்." கைத்தொழில் செய்யும் ஒருவரைப் பாராட்ட வேண்டி வரும்போதெல்லாம் நாம் தவறாமல் எடுத்து வழங்குகின்ற வாக்கியம் இது. கேட்பதற்கு இனியது, சொல்வதற்குச் செலவில்லாதது. அவ்வாக்கியத்தின் மேல் ஒரு வழக்குத் தொடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற வேண்டியவர் நாமே ஆதலால், நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம்.

புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டையில் 2025 சித்திரைத் திருவிழாவின்போது ஊர்க்கோயிலில் இரட்டைக் கொம்பு ஊதப்பட்டது. அவ்விரண்டனுள் ஒன்று அதற்கு முந்தைய ஆண்டு முழுவதும் ஊமையாகப் பரண்மேல் கிடந்தது. வேறோர் ஊர்த் திருவிழாவிற்குச் சென்று திரும்பும் வழியில் வண்டியின் பின்கதவு அதன்மேல் விழுந்து, ஊதுவாய்க்கு ஒரு சாண் தள்ளிக் குழாய் நசுங்கிவிட்டது, இணைப்பும் விட்டுப்போயிற்று. ஊதுபவர் நம்மிடம் பயின்ற மாணவர். "அதை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கு" என்பதே பலரும் அவருக்குக் கூறிய அறிவுரை. புதுக்கோட்டை நகரில், ஒரு சந்துக்குள், பித்தளைப் பாத்திரம், குத்துவிளக்கு, பேண்டு வாத்தியக் குழுக்களின் டிரம்பெட் முதலியவற்றை ஒக்கிட்டுத் தரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, மாணவரோடு நாமும் சென்றோம்.

கொம்பு பார்வைக்கு எளிய கருவி. விசைகள் இல்லை, துளைகள் இல்லை. வளைந்த குழாய்த் துண்டுகளைப் பொருத்தினால் பிறையாகவோ பாம்பாகவோ நிற்கும். ஊதுபவரின் உதடும் மூச்சும் போக எஞ்சியதெல்லாம் அந்தக் குழாயின் உள்வடிவந்தான். ஆகவே பழுதும் அங்கேதான் நேர்கிறது. அகன்ற வாய்ப்புறத்தில் விழுந்த நசுக்கம் பெரும்பாலும் கண்ணைத்தான் உறுத்தும். ஊதுவாயை ஒட்டிய குறுகிய பகுதியில் விழுந்தாலோ அது சுருதியையே கெடுக்கும். நம் மாணவரின் கொம்பில் நசுங்கியிருந்தது அந்தக் குறுகிய பகுதி.

அதனை நிமிர்த்துவதில் உள்ள இடர்ப்பாட்டைப் பெரியவர் பட்டறைத் திண்ணையில் வைத்து நமக்கு விளக்கினார். செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம் பித்தளை. தட்டத் தட்ட அது இறுகும். இறுகியபின் மேலும் தட்டினால் வெடிக்கும். எனவே சிவக்கக் காய்ச்சி இளக்கிக்கொண்டுதான் தட்ட வேண்டும். ஆனால் துண்டுகளை இணைத்திருப்பது ஈயப்பற்று. காரீயமும் வெள்ளீயமும் உரிய அளவில் கலந்த பற்று 183 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். பித்தளை உருகுவதற்கு 900 பாகையைத் தாண்ட வேண்டும். பித்தளையை இளக்கப்போனால் பற்றெல்லாம் கழன்றுவிடும் என்பது இதன் பொருள். முறையாகச் செய்வதென்றால் கருவி முழுவதையும் பிரித்து, பழைய பற்றைச் சுரண்டி, ஒவ்வொரு துண்டாகக் காய்ச்சி ஆற்றித் தட்டி, மீண்டும் சேர்க்க வேண்டும். பிரிக்காமலே நசுங்கிய இடத்தை ஓரளவு வெளியே இழுத்து, விட்டுப்போன இணைப்பில் ஈயத்தை அப்பிக் கொடுத்தாலும் கொம்பு ஒலிக்கத்தான் செய்யும். நாம் கேட்டுச் சென்றதும் அவ்வளவுதான். ஒரு நாள் வேலை என்றார் அவர்.

மூன்று நாள் ஆயிற்று. முன்பு யாரோ போட்டிருந்த ஈயக் கட்டிகளையெல்லாம் சுரண்டி எடுத்தார். முனை திரண்ட இரும்புக் கம்பியை உள்ளே செலுத்தி, வெளியே கொட்டாப்புளியால் தட்டித் தட்டிக் குழாயின் உருட்சியை மீட்டார். சேர்த்து முடித்தபின், "ஜோடி எங்கே தம்பி?" என்று கேட்டு மற்றொரு கொம்பையும் வரவழைத்தார். இரண்டையும் அடுத்தடுத்து ஊதச் சொல்லிக் கேட்டார். முகம் சுளித்தார். இணைப்பைக் கழற்றினார். இரண்டாம் முறையும் கழற்றினார். மூன்றாம் முறை இரண்டு கொம்பும் ஒன்றாய் நின்றன. பிறகு புளி போட்டுத் துலக்கி, இரண்டுக்கும் பைகள் தைத்துக் கொடுத்தார். சரிகைக் கரையிட்ட அப்பைகளை உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: எப்போதோ எவரோ ஏதோ ஒரு மேடையில் அவருக்குப் போர்த்திய பொன்னாடை அது.

கூலி 700 ரூபாய் என்றார். கொடுத்தோம். "உங்கள் கை தெய்வக் கை ஐயா" என்று கைகூப்பினோம். திருவிழா மேடையில் அவருக்கு இன்னொரு பொன்னாடை போர்த்தப்பட்டது. "எதிர்பார்த்ததற்கும் மேலாகச் செய்து கொடுத்தார், பணத்துக்காகச் செய்பவரல்லர், கலைக்காகச் செய்பவர்" என்று ஒருவர் பேசினார். கீழே அமர்ந்து நாமும் கைதட்டினோம். இறங்கி வந்தவரிடம், "ஐயா, உங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆசை" என்றோம். அவர் சொன்ன மறுமொழியை அப்படியே தருகிறோம்:

"எழுதுங்க சார். பேரை மட்டும் போட்டுடாதீங்க. முன்னாடி ஒருத்தர் எழுதினாரு. காசு பாக்காம செய்யிறவர்னு போட்டுட்டாரு. அதுலேருந்து வர்றவங்கள்ல பாதிப்பேர் காசே கொண்டாறதில்ல."

அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. எழுந்து கணக்குப் போட்டோம். பற்று, வெண்காரம், அடுப்புக்கரி எல்லாமாக 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எஞ்சியது 600. மூன்று நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 200. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025–26ஆம் ஆண்டிற்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அரை நூற்றாண்டுக் காலம் பித்தளையோடு பேசிப் பழகிய கைக்கு, மண் வெட்டும் கைக்கு அரசு விதித்த கூலியில் மூன்றில் இரு பங்குகூட நாம் கொடுக்கவில்லை. மண் வெட்டுவது இழிவு என்று சொல்ல வரவில்லை. அந்தக் கூலியே போதாது என்பதுதான் நம் கட்சி. அதிலும் குறைத்துக் கொடுத்துவிட்டு, குறைத்த தொகைக்கு ஈடாகத் 'தெய்வம்' என்ற சொல்லைக் கொடுத்திருக்கிறோம்.

நம் குற்றச்சாட்டு இதுதான். எதிர்பார்ப்புக்கு மேல் ஒருவர் செய்தார் என்றால், நாம் விலை பேசாத வேலை ஒன்றை அவர் செய்திருக்கிறார் என்று பொருள். பேசிய வேலை ஒரு நாள். செய்த வேலை மூன்று நாள். இடையிலுள்ள இரண்டு நாளுக்குக் கடன்பட்டவர் நாம். அக்கடனைக் கடன் என்று சொல்லாமல் 'பெருந்தன்மை' என்று எழுதிவைத்துக்கொண்டால் தீர்க்க வேண்டிய கட்டாயம் இல்லாமற் போகிறது. நன்றி என்ற பெயரில் நாம் நடத்துவது பெரும்பாலும் இந்தக் கணக்குமாற்றுதான்.

செய்ந்நன்றியறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்த மொழியில் இப்படிப் பேசலாமா என்று கேட்பார் உண்டு. அதே அதிகாரத்தின் துணைகொண்டே பேசுகிறோம். பதினோராம் அதிகாரத்தில் வள்ளுவர் பேசுவது உதவியைப் பற்றி: எதிர்நோக்காமல் செய்த உதவி, காலத்தினால் செய்த உதவி. கூலிக்குரிய உழைப்பை உதவியாக்கிக்கொள்ள அவர் எங்கும் இடம் தரவில்லை. பட்டறைக்காரர் நமக்கு உதவவில்லை, நமக்காக உழைத்தார். உழைப்புக்குரிய விலையை முழுமையாகக் கொடுத்தபின் நெஞ்சில் எஞ்சி நிற்பது எதுவோ, அதற்குத்தான் நன்றி என்று பெயர். விலையைக் கொடுக்காதவரை நன்றி சொல்லும் தகுதியே நமக்கு வருவதில்லை.

தமிழ் பயின்றவர் என்ற முறையில் நம் துறையின் மேலும் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. மலைபடுகடாம் தொடங்கும்போதே கூத்தர் சுமந்து செல்லும் கருவிகள் வரிசையாக வருகின்றன. கொம்பும் தூம்பும் அங்கே உண்டு. ஆற்றுப்படை நூல்கள் யாழின் உறுப்புகளை உவமைமேல் உவமையாக அடுக்குகின்றன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இலக்கணம் வகுக்கிறது. அதற்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், குழல் செய்வதற்கு மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்று பொருள்களைக்கூட எண்ணிச் சொல்கிறார். இத்தனை நுட்பம் அறிந்த மரபில், குழலைச் செய்தவனுக்கும் விரிசல் கண்ட குழலைக் கட்டிக் கொடுத்தவனுக்கும் அவ்வரிசையில் ஓர் இடம் கிடைக்கவில்லை. சங்கப் புலவர் நிரலில் மதுரைப் பெருங்கொல்லன் இருக்கிறார். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் இருக்கிறார். அவர்கள் பெயர் நமக்கு வந்து சேர்ந்தது பாட்டு எழுதியதால். உலைக்களத்தில் மட்டும் நின்றிருந்தால் அவர்களும் பெயரற்றுத்தான் போயிருப்பார்கள்.

பழைய குறை இன்றும் தொடர்கிறது. சில வாசல்கள் திறந்திருப்பதையும் மறைக்கவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் பெயர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. சுத்த மத்திமம் ஐயமற ஒலிக்கும் பாரி நாயனத்தை அவருக்காக ஆச்சா மரத்தில் கடைந்து கொடுத்தவர் அவர். வித்துவான் கேட்டார், தச்சர் கடைந்தார், வித்துவான் ஊதிப் பார்த்துக் குறை சொன்னார், தச்சர் மறுபடி கடைந்தார் என்ற உறவின்றி அப்படி ஒரு கருவி பிறந்திருக்க முடியாது. டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூல் மிருதங்கம் செய்வோர் குடும்பங்களைத் தேடிச் சென்றது. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்குப் பின்னே தஞ்சாவூர்ப் பர்லாந்தின் காதும் கையும் இருந்ததைச் சபைகளின் முன்வரிசைக்காரர்கள் அந்நூல் வாயிலாகத்தான் அறிந்துகொண்டார்கள். நூறாண்டுக் கச்சேரி மரபு, தோலைத் தொட்டவர்களின் பெயரைச் சொல்ல ஏன் கூசியது என்ற கேள்விக்கு விடை சாதியில் இருக்கிறது என்பதையும் அது மறைக்கவில்லை.

தஞ்சாவூர் வீணைக்கு 2013இலும் நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியே. ஆனால் அக்குறியீடு ஓர் ஊரில் பிறக்கும் பொருளுக்கு உரியது. பிறந்தபின் அடிபட்டு, நசுங்கி, விரிந்து கிடக்கும் கருவியை மீட்பவருக்கு அதில் பங்கில்லை. படைப்பவருக்குப் பரிசு உண்டு, வாசிப்பவருக்குப் பட்டம் உண்டு, ஒக்கிடுபவருக்குப் பொன்னாடை. ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விசுவகர்மா திட்டம் 18 தொழில்களை எண்ணியது. கொல்லர், பொற்கொல்லர், குயவர், தச்சர், சிற்பி, பூட்டுச் செய்வோர், மீன்வலை பின்னுவோர் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். இசைக்கருவி செய்வோர் என்றோ ஒக்கிடுவோர் என்றோ ஒரு வரி அதில் இல்லை.

அந்தத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024இல் ஏற்க மறுத்தது. குடும்பத் தொழிலைச் செய்பவராக இருக்க வேண்டும் என்ற விதி குலத்தொழிலுக்குள் மக்களைப் பூட்டிவிடும் என்பது அது சொன்ன காரணம். சாதி வேறுபாடின்றி எவரும் சேரலாம் என்று 'கலைஞர் கைவினைத் திட்டம்' 2025இல் தொடங்கப்பட்டது. இவ்விவாதம் நம் கட்டுரைக்கு உயிரானது. ஏனெனில் கைவினைஞரைப் பற்றிய நம் உருக்கம் பெரும்பாலும் அவர் மகன்மேல் போய் விழுகிறது. "உங்களுக்குப் பிறகு யார்?" என்று கேட்கிறோம், மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான் என்று தெரிந்ததும் பெருமூச்சு விடுகிறோம். நம் பிள்ளைகளைப் பொறியியலுக்கு அனுப்பிய நாம், அவர் பிள்ளை மட்டும் நம் இரசனைக்காக அடுப்புப் புகையில் நிற்க வேண்டும் என்று விரும்புவது எவ்வகை அறம்? பெரியவரின் மகன் வேறு வேலைக்குப் போனது சரியான முடிவு. நாளொன்றுக்கு 200 ரூபாய் என்ற நம் விலைதான் அவனை அனுப்பிவைத்தது.

சிற்றிதழ் வாசகர்களாகிய நாம் இவ்விடத்தில் இன்னும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 'கடைசிக் கைவினைஞர்' நமக்குப் பிடித்தமான கதைமாந்தர். மங்கிய விளக்கு, இருமல், தூசி படிந்த பட்டறை, திரும்பி வராத மகன். எத்தனை சிறுகதைகளில் அவரைச் சாக விட்டு நாம் கண்ணீர் மல்கியிருக்கிறோம்! உயிரோடிருப்பவருக்கு இரங்கற்பா எழுதுவது எளிது. அவருக்கு வேலை கொண்டுபோய்க் கொடுப்பதும் வேலைக்குரிய பணத்தைக் கொடுப்பதும் அவ்வளவு எளிதாக இருப்பதில்லை.

"அவர்தானே 700 கேட்டார்? கேட்டதைக் கொடுத்தோம், இதில் குற்றம் என்ன?" என்று சொல்லலாம். கூடுதலாகக் கேட்டால் மாணவர் கருவியை எடைக்குப் போட்டுவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். கொம்பு சாவதா, தம் கூலி சாவதா என்ற தேர்வில் அவர் கூலியைச் சாகவிட்டார். அந்தத் தேர்வை அவர்மேல் சுமத்தியது நாம். ஊதும் மாணவரையும் குறை சொல்ல முடியாது. திருவிழாவுக்குத் திருவிழா கிடைக்கும் சன்மானத்தில் வாழ்பவர் அவர். ஏழையான வாசிப்பவரும் ஏழையான ஒக்கிடுபவரும் ஒருவர் சுமையை ஒருவர் தாங்கிக்கொண்டிருக்க, கேட்டு மகிழும் நாம் நடுவில் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

வேறு வழியே இல்லையா? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பொதுப்பள்ளி நிருவாகம் தன் மாணவர்களின் இசைக்கருவிகளை 1959 முதல் இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுத்து வருகிறது. ஏறத்தாழ 80,000 கருவிகள் அதன் பொறுப்பில் உள்ளன. அந்தப் பட்டறையைப் பற்றிய 'தி லாஸ்ட் ரிப்பேர் ஷாப்' என்ற குறும்படம் 2024இல் ஆஸ்கர் விருது பெற்றது. பித்தளைக் கருவிகளை அங்கே பழுது பார்ப்பவர் பேட்டி மோரேனோ என்ற பெண்மணி, மெக்சிகோவிலிருந்து குடியேறியவர். படம் பார்த்துப் பலர் உருகினார்கள். நாம் கவனித்தது வேறு. குழந்தைக்குப் பழுது பார்ப்பது இலவசம். ஆனால் பழுது பார்ப்பவர் இலவசமாக உழைப்பதில்லை. அவருக்கு மாதச் சம்பளம் உண்டு. அங்கே நன்றியை ஒரு நிருவாகம் தன் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. பரம்பரைத் தொழிலாக அது அவருக்கு வந்ததுமில்லை. விரும்பி வந்து கற்றுக்கொண்டார்.

நம்மிடமும் கட்டடம் இருக்கிறது. புதுக்கோட்டையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்பவை இத்தகைய பள்ளிகளின் பாடங்கள். இவற்றோடு 'கருவி ஒக்கிடுதல்' என்று எட்டாவது பாடம் ஒன்று ஏன் இருக்கக் கூடாது? பட்டறைப் பெரியவரைப் போன்றோரை மாதத்துக்கு எட்டு நாளாவது ஆசிரியராக அமர்த்தி, எந்தக் குலத்தில் பிறந்த பிள்ளையும், பெண்பிள்ளையும்கூட, அவரிடம் அமர்ந்து கற்க வழி செய்தால் குலத்தொழில் என்ற பழி ஏது? திருவிழா நடத்தும் குழுக்கள் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் ஒதுக்குவதுபோல் கருவி பழுதுக்கென ஒரு சிறு தொகையை வரவுசெலவில் காட்டினால், வாசிப்பவர் தலையில் அச்சுமை விழாது. எழுதுகிறவர்களாகிய நமக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும்: 'காசு பார்க்காமல் செய்பவர்' என்ற தொடரை இனி யாரைப் பற்றியும் எழுதக் கூடாது. அது ஒருவரின் அடுப்பில் ஊற்றும் தண்ணீர்.

திருவிழா முடிந்த பத்தாம் நாள் மாணவரும் நாமும் மீண்டும் அந்தச் சந்துக்குப் போனோம். பேண்டு குழு ஒன்றின் டிரம்பெட்டைப் பிரித்துப் போட்டு, சிக்கிக்கொண்ட பிஸ்டனுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மூன்று நாள் கணக்கை அவர்முன் வைத்து, விடுபட்ட தொகை என்று சொல்லி நீட்டினோம். முதலில் வாங்கவில்லை. "என்ன சார், குறை ஏதும் இருக்கா?" என்று கொம்பைப் பற்றி விசாரித்தார். தொழிலில் குறை இருந்தாலன்றி எவரும் இரண்டாம் முறை பணத்தோடு வரமாட்டார்கள் என்பது அவர் பட்டறிவு போலும். "குறை எங்கள் பக்கம் ஐயா" என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வாங்கி எண்ணி, ஒரு பகுதியை மாணவர் கையில் திணிக்கப் பார்த்தார், அவர் மறுத்துவிட்டார்.

பற்றுச்சீட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டோம். அவரிடம் சீட்டுப் புத்தகம் இல்லை. நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் பென்சிலால் எழுதித் தந்தார்: கொம்பு ஒன்று, பிரித்துப் பற்று வைத்தது, மூன்று நாள், கூலி வரவு. கீழே தம் பெயரை எழுதிக் கையொப்பமிட்டார். பெயரைப் போடாதீர்கள் என்றவர் அங்கே தாமாகவே போட்டுக்கொண்டார்.